ஒப்பீட்டு நபர்

துருவி என்றுதான் அவளை எல்லோரும் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்து வாத்தியார் வைத்த பேர் அது. பாடம் நடத்திக்கொண்டிருந்தவரை ஏன், எதற்கு, யார் சொன்னது என்று குடைந்து எடுத்ததில், மனுஷன் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, "நீ பொண்ணா, துருவியா?" என்று கேட்டுவிட்டார். அன்றைக்கு ஒட்டியது கல்யாணமாகி, பெண் பிறந்து, நாற்பத்திமூன்று வயது ஆன பிறகும் கழன்று விழவில்லை. அவளுக்கும் அதில் வருத்தமில்லை. கேட்டால், "துருவாம எப்படிங்க தெரியும்?" என்பாள்.

முதல் வேலை ஒரு ஜெராக்ஸ் கடையில். ஒன்பது வருஷம். ஊரில் யார் வீட்டை யார் வாங்கினார்கள், யாருக்கு எந்தப் பாடத்தில் எத்தனை மார்க், யார் யாரிடம் விவாகரத்து கேட்டிருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாத சங்கதி கிடையாது. "நகல் எடுக்கச் சொன்னா நின்னு படிச்சுக்கிட்டிருக்கியே, தாயே!" என்று முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். சும்மா சொல்லக்கூடாது, படித்ததை அவள் யாரிடமும் போய்ப் பற்றவைத்ததில்லை. தெரிந்துகொண்டால் போதும், அவளுக்கு வயிறு நிறைந்துவிடும்.

கடையை மூடிய பிறகு ஒரு ஏஜென்சி மூலமாகக் கிடங்கு வேலைக்குப் போனாள். போனில் ஆர்டர் கொடுத்து வாங்கிவிட்டு, பிடிக்கவில்லை என்று ஜனங்கள் திருப்பி அனுப்புகிறார்களே, அந்தச் சாமான்களெல்லாம் வந்து சேருகிற இடம். நீளமான ஒரு கூடம், நாற்பத்திரண்டு மேஜை, மேஜைக்கு ஒரு ஆள். பெட்டியைப் பிரிக்க வேண்டும், சாமானைப் பார்க்க வேண்டும், புதுசாகவே விற்கலாமா, தள்ளுபடியில் விற்கலாமா, குப்பைக்குத்தானா என்று முடிவு செய்து அந்தந்தத் தொட்டியில் போட வேண்டும். மணிக்கு ஐம்பது பெட்டி.

இந்த வேலை இவளுக்கென்றே செய்த மாதிரி இருந்தது. ஏனென்றால் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு சீட்டு இருக்கும், ஏன் திருப்பி அனுப்புகிறேன் என்று வாங்கியவர் எழுதியது. "படத்துல நீலம், கையில பச்சை." "மாப்பிள்ளைக்கு வாங்கினது, கல்யாணம் நின்னுடுச்சு." ஒரு புண்ணியவான் வெறுமனே "சும்மா" என்று எழுதியிருந்தார். அந்தச் 'சும்மா' அவள் மண்டையை ஒரு வாரம் குடைந்தது.

செருப்பு, ஷூ வந்தால் மட்டும் தனி முறை. முதலில் புரட்டி அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும். பிறகு கட்டைவிரலால் முன்பக்கத்தை அழுத்த வேண்டும், உள்ளே மடிப்பு விழுந்திருந்தால் தெரிந்துவிடும். பிறகு பாதத்துக்கு அடியில் இருக்கும் உள்தகட்டை இழுத்துப் பார்க்க வேண்டும். கடைசியாக மூக்கை உள்ளே விட்டு மோந்து பார்க்க வேண்டும். "போடவே இல்லை" என்று சத்தியம் செய்து எழுதியிருப்பார்கள், மோந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். புரட்டு, அழுத்து, இழு, மோந்து பார். தினம் நூறு ஜோடி. வீட்டுக்குப் போய்ப் புருஷன் ஷூவைக்கூட அவள் கை தானாகப் புரட்டியது. அவர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் ரிப்பேர் என்றால் மாடிப்படி ஏறித்தானே போக வேண்டும், அதனால் ஷூ படாதபாடு பட்டிருக்கும். "அது ரிட்டர்ன் எடுக்க மாட்டாங்கடி, வச்சிடு," என்பார்.

அந்தக் கூடத்தில் இருந்த நாற்பத்திரண்டு பேர் கழுத்திலும் மஞ்சள் அட்டை. மஞ்சள் என்றால் ஏஜென்சி ஆள். கம்பெனியின் நிரந்தர ஆட்களுக்கு நீல அட்டை, அவர்கள் வேறு கட்டடத்தில் இருந்தார்கள். மஞ்சளுக்குச் சம்பளம் மணிக்குப் பதினேழரை. நீலத்துக்கு என்ன? அது யாருக்கும் தெரியாது. கேட்டால் ஏஜென்சிக்காரர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "சம்பளத்தைப் பத்தி வெளியில பேசக்கூடாது மேடம், அது பர்சனல்," என்பார். எல்லாவற்றையும் துருவுகிறவள் தன் சம்பளத்தைத் துருவாமல் மூன்று வருஷம் இருந்திருக்கிறாள் பாருங்கள்! கேட்டால் அடுத்த வாரம் கூப்பிட மாட்டார்களோ என்ற பயம்தான். வேறென்ன?

பதினேழரையில் ஐந்து நாள் வேலை பார்த்தால் வாடகைக்கும் மளிகைக்கும் இழுத்துப் பிடித்தாலும் எட்டவில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமையும் போனாள். சனிக்கிழமை லீவு, ஆனால் அன்றைக்குப் பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் உண்டு. பதினொரு வயசுப் பெண். ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு பொது நீச்சல் குளத்துக்குப் போய், தண்ணீரைப் பார்த்தாலே அலறிய பிள்ளை இப்போது அக்கரைக்கும் இக்கரைக்கும் நாலு தடவை நீந்துகிறாளாம். 'நீந்துகிறாளாம்'தான். அம்மா ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டும் என்று மூன்று வருஷமாக அவளுக்கு ஆசை.

இப்படி இருக்கும்போதுதான் சாப்பாட்டு அறைச் சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். எல்லோரும் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தார்கள், இவள் மட்டும் எழுந்துபோய்க் கடைசி வரி வரைக்கும் படித்தாள். புதுச் சட்டமாம். ஏஜென்சி மூலம் வேலை பார்க்கிறவர் கேட்டால் ஒரு தாள் கொடுத்தே ஆக வேண்டுமாம். அதில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: உனக்காகக் கம்பெனி ஏஜென்சிக்கு எவ்வளவு தருகிறது, அதில் உன் கைக்கு எவ்வளவு வருகிறது, அதே வேலையைச் செய்யும் நிரந்தர ஆள் எவ்வளவு வாங்குகிறார்.

"வேணாம் துருவி, வம்பு," என்றாள் பக்கத்து மேஜைக்காரி. வாட்டசாட்டமாக இருப்பாள், பேச்சு மட்டும் பூனைக்குட்டி மாதிரி.

"வம்பு என்ன வம்பு? தெரிஞ்சுக்கத்தானே கேக்குறேன்?" என்று சொல்லிவிட்டு, கேட்டே விட்டாள்.

பத்து நாளில் தாள் வந்தது. முதல் வரியைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் வரவில்லை, ஆச்சரியம்தான் வந்தது. கம்பெனி ஏஜென்சிக்குக் கொடுப்பது மணிக்கு இருபத்தாறு. "அடேயப்பா, நான் இருபத்தாறா!" அன்றைக்கு முழுக்க அவள் கொஞ்சம் உயரமாக நடந்தாள். இரண்டாவது வரி, பதினேழரை. அது தெரிந்ததுதான். மூன்றாவது வரியில்தான் விஷயம் இருந்தது. 'ஒப்பீட்டு நபரின் ஊதியம்: பொருந்தாது. பிரிப்பாளர் பணிக்கு ஒப்பீட்டு நபர் இல்லை.' அதற்குக் கீழே பொடி எழுத்தில், 'மாற்றுக் கருத்து இருப்பின், அத்தகைய நபரைக் குறிப்பிட்டு முப்பது நாட்களுக்குள் தெரிவிக்கலாம்.'

ஒப்பீட்டு நபர்! யார் இந்த ஆசாமி? எங்கேயோ தன்னை மாதிரியே ஒருத்தர் உட்கார்ந்து பெட்டி பிரித்துக்கொண்டிருப்பதாகவும், அவர் பெயர் ஒரு ரிஜிஸ்டரில் இருப்பதாகவும், அதை அழித்துவிட்டு 'இல்லை' என்று எழுதியிருப்பதாகவும் அவளுக்குத் தோன்றியது. அப்படியெல்லாம் இல்லை, அது வெறும் ஆபீஸ் வார்த்தை, ஆளைக் கண்டுபிடித்தால்தான் ஆள். ஆனால் அவள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ளாததும் நல்லதாகப் போயிற்று.

அன்றிலிருந்து நீல அட்டை கண்ணில் பட்டால் விடுவதில்லை. தள்ளுவண்டி ஓட்டும் நீல அட்டைக்காரரிடம், "அண்ணா, நீங்க பெட்டியெல்லாம் பிரிப்பீங்களா?" என்று கேட்டாள். "நான் ஏம்மா பிரிக்கிறேன், தள்றதுக்கே நேரமில்ல," என்றார். கம்ப்யூட்டர் அறைப் பெண்ணிடம் கேட்டாள். அந்தப் பெண் இவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டது. சாப்பாட்டு அறையில் இவளை வைத்துச் சிரித்தார்கள். "உனக்கு ஒப்பீட்டு நபரா? உன்னை மாதிரி இன்னொண்ணு இருந்தா கம்பெனி தாங்குமா?" என்றாள் ஒருத்தி. எல்லோரோடும் சேர்ந்து இவளும் சிரித்தாள். ஆனால் நாள் ஓடிக்கொண்டிருந்தது. பத்து நாள் போயிற்று, பதினைந்து போயிற்று, ஆள் அகப்படவில்லை. சட்டமும் சரி, தாளும் சரி, ஒரு மண்ணுக்கும் பிரயோஜனமில்லை என்று வீட்டில் வந்து பொரிந்து தள்ளினாள்.

"உன் தங்கச்சி அந்தக் கம்பெனியிலதானே இருக்கா, அவளைக் கேட்டுப் பாரேன்," என்று லிஃப்ட் மெக்கானிக் தலையைச் சொறிந்தார். புருஷனின் தங்கைக்கு 'உன் தங்கச்சி' என்று பட்டம் கட்டியது ஏன் என்றால், தங்கச்சியால் ஏதாவது காரியம் ஆக வேண்டுமென்றால் மட்டும் அவர் அவளைப் பெண்டாட்டி பக்கம் தள்ளிவிடுவார்.

நாத்தனார் அதே கம்பெனியில் இரண்டாம் கட்டடத்தில் இருந்தாள். ஐந்து வருஷமாக நீல அட்டை. ஆனால் அவள் பெட்டி பிரிக்கிறவள் இல்லை, 'தர ஆய்வாளர்'. அப்படித்தான் குடும்பம் முழுக்கப் பேச்சு. நாத்தனாரின் கணவர் வாயைத் திறந்தால், "எங்க வீட்டு இன்ஸ்பெக்டர் வந்துட்டாங்க, எல்லாரும் உஷார்!" என்பார். மாமனார் வீட்டில் அவளுக்குத் தனி நாற்காலியே போட்டிருந்தார்கள். கிடங்கில் இவளுக்கு வேலை இருக்கிறது என்று சொல்லி ஏஜென்சி நம்பரைக் கொடுத்தவளும் அவள்தான். கொடுக்கும்போது, "சாதாரண வேலைதான் அண்ணி, பரவாயில்லையா?" என்று கேட்டிருந்தாள். அந்தச் 'சாதாரண' இவளுக்குச் சுருக்கென்று தைத்தது, வெளியில் காட்டிக்கொள்ளவில்லை. அதற்கப்புறம் இருவரும் வேலையைப் பற்றி ஒருநாளும் பேசிக்கொண்டதே இல்லை. ஆய்வாளரிடம் போய் என்னத்தைக் கேட்பது?

பத்தொன்பதாம் நாள் சனிக்கிழமை. நாத்தனார் கணவரோடு வந்திருந்தாள். அண்ணன் பெண்ணுக்கு ஒரு ஜோடி ஷூ வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். பெண் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் குதித்துக்கொண்டு பெட்டியைத் திறந்தது. "இருடா, அத்தை பார்த்துத் தரேன்," என்று நாத்தனார் கையில் வாங்கினாள். பேசிக்கொண்டே ஷூவைப் புரட்டினாள். கட்டைவிரலால் முன்பக்கத்தை அழுத்தினாள். உள்தகட்டை இழுத்தாள். பிறகு, யாருமே புது ஷூவுக்குச் செய்யாத காரியமாக, மூக்கை உள்ளே விட்டு மோந்து பார்த்தாள்.

துருவியின் கையில் இருந்த தண்ணீர்ச் செம்பு அப்படியே நின்றது.

கேட்டிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்திலேயே கேட்டிருப்பாள். ஆனால் கூடத்தில் நாத்தனாரின் கணவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, "எங்க இன்ஸ்பெக்டர் பாஸ் பண்ணாத்தான் ஷூ காலுக்குப் போகும்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாகத் துருவி ஒரு கேள்வியைப் பல்லைக் கடித்துக்கொண்டு விழுங்கினாள். "துணி காஞ்சிருக்கும், கொஞ்சம் கூட வாயேன்," என்று நாத்தனாரை மட்டும் பின்பக்க பால்கனிக்கு அழைத்துப் போனாள்.

"ஏம்மா, காலையில போனதும் நீ முதல்ல என்ன பண்ணுவ?"

"என்ன அண்ணி திடீர்னு?"

"சும்மா சொல்லேன்."

"பெட்டி வரும்..." என்று ஆரம்பித்த நாத்தனார் நிறுத்திக்கொண்டாள்.

"வரும். திறப்ப. சீட்டைப் படிப்ப. மணிக்கு எத்தனை?"

"அம்பது," என்றாள் நாத்தனார் மெதுவாக.

"எங்களுக்கும் அம்பதுதான்."

இரண்டு பேரும் ஒரு போர்வையின் இரு முனையைப் பிடித்தபடி நின்றார்கள். பிறகு துருவிக்குத் தாங்கவில்லை. "உனக்கு இதுவரைக்கும் வந்ததிலேயே விசித்திரமான சீட்டு எது?" என்று கேட்டாள். அடக்க முடியுமா அவளால்! நாத்தனார் முகத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. "ஒருத்தி குடையைத் திருப்பி அனுப்பிச்சிருந்தா அண்ணி. காரணம் என்ன தெரியுமா? மழை நின்னுடுச்சாம்." இருவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். இவள் 'சும்மா'வைச் சொன்னாள். பதினான்கு வருஷ உறவில் அவர்கள் அப்படிச் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

சிரிப்பு அடங்கியதும் துருவி ரவிக்கைக்குள் மடித்து வைத்திருந்த தாளை எடுத்து நீட்டினாள். எல்லாவற்றையும் சொன்னாள். பதினேழரை என்பதையும் சொன்னாள். "உன் பேரைத்தான் நான் எழுதணும்மா. நீ செய்யறதும் நான் செய்யறதும் ஒண்ணுதான்னு நீ ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டா போதும். எனக்கு ஞாயித்துக்கிழமை கிடைச்சிடும்."

நாத்தனார் முகத்தில் ஈயாடவில்லை. கூடத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "அந்த வீட்டுல எனக்கு இருக்கிற மரியாதையே அந்தப் பேர்லதான் அண்ணி இருக்கு. கல்யாணமான புதுசுல நான் யாருன்னே கண்டுக்க மாட்டாங்க. இந்தப் பேர் வந்தப்புறம்தான் மூஞ்சி கொடுத்துப் பேசறாங்க. பெட்டி பிரிக்கிறவன்னு நானே எழுதிக் கொடுக்கவா?"

"நான் பிரிக்கிறவதானேம்மா? எனக்கு என்ன மரியாதை குறைஞ்சு போச்சு?"

துணியை மடித்து வைத்துவிட்டு நாத்தனார் உள்ளே போனாள், அன்றைக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டாள். துருவிக்கு அழுகையாக வந்தது. நாத்தனார் மேல் கோபம்கூட இல்லை. கேட்டிருக்கக் கூடாதோ, ஒரு பேருக்காக அந்தப் பெண் என்ன பாடுபட்டிருக்கும் என்று இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. இன்னொரு பக்கம், யார் இப்படி ஒரே வேலைக்கு இரண்டு பெயர் சூட்டியது என்ற கேள்வி. நான் சொல்கிறேன், யாரோ ஒரு கெட்டிக்காரன் ஏசி அறையில் உட்கார்ந்து சூட்டியிருப்பான். மோந்து பார்க்கிற மூக்குக்கு ஆய்வாளர் மூக்கு, பிரிப்பாளர் மூக்கு என்று வித்தியாசம் உண்டா?

இருபத்தெட்டாம் நாள் மதியம் சாப்பாட்டு இடைவேளை. "துருவி, உன்னைத் தேடி ஒரு நீலம் வந்திருக்கு!" என்று பக்கத்து மேஜைக்காரி ஓடிவந்தாள். வாசல் கேட்டுக்கு வெளியே நாத்தனார் வேர்க்க விறுவிறுக்க நின்றுகொண்டிருந்தாள். கழுத்தில் நீல அட்டை. அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள்.

"அந்தப் பதினேழரையை ஏன் அண்ணி என்கிட்ட சொன்னீங்க?" என்றாள் எடுத்த எடுப்பில், சண்டைக்கு வந்தவள் மாதிரி. "ஒம்பது நாளா தூக்கமில்ல எனக்கு. எனக்கு மணிக்கு இருபத்தொண்ணு. எட்டு மணி நேரம், அஞ்சு நாள். வாரத்துக்கு எண்ணூத்தி நாப்பது வருது. உங்களுக்குப் பதினேழரை, ஆறு நாள். போட்டுப் பாருங்க. போடுங்க!"

துருவி மனசுக்குள் போட்டாள். எண்ணூற்று நாற்பது.

"நயா பைசா வித்தியாசமில்ல. நான் அஞ்சு நாள்ல வாங்கறதை நீங்க ஆறு நாள் வந்து வாங்கறீங்க. அந்த ஞாயித்துக்கிழமையை உங்ககிட்டேருந்து எவனோ சும்மா எடுத்துக்கிட்டிருக்கான், நான் அந்தப் பக்கம் இன்ஸ்பெக்டர்னு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கேன்." அவளுக்குக் குரல் உடைந்தது. "நேத்து வீட்டுல எல்லாரும் சாப்பிடறப்ப சொல்லிட்டேன். நான் தினம் நூறு செருப்பை மோந்து பாக்கறவதான்னு."

"ஐயய்யோ! என்ன சொன்னாங்க?"

"மாமனார் சாப்பாட்டுல வச்ச கையை எடுக்கவே இல்ல. இவர்தான், நூறு செருப்பாடின்னு கேட்டார். ஆமான்னேன். மூக்கு வலிக்காதான்னு கேட்டார்." சிரிப்பும் அழுகையுமாக மூக்கை உறிஞ்சினாள். "கொடுங்க அந்தத் தாளை."

கேட் சுவரில் தாளை வைத்து எழுதினாள். ஒரு வரி கேட்டதற்கு எட்டு வரி எழுதினாள். பெட்டியைத் திறக்கிறேன், சீட்டைப் படிக்கிறேன், செருப்பாக இருந்தால் புரட்டி, அழுத்தி, இழுத்து, மோந்து பார்க்கிறேன், தொட்டியில் போடுகிறேன், மணிக்கு ஐம்பது, என் அண்ணி செய்வதும் இதேதான் என்று எழுதி, முழுப் பெயரும் அட்டை எண்ணும் போட்டுக் கையெழுத்திட்டாள். கேட்டுக்குள்ளே ஏழெட்டு மஞ்சள் அட்டைகள் டிபன் பாக்ஸும் கையுமாக நின்று வேடிக்கை பார்த்தன. பூனைக்குட்டிக் குரல்காரிதான் முதலில் கேட்டாள், "ஏங்க, நானும் தாள் வாங்கி உங்க பேரை எழுதிக்கலாமா?"

நாத்தனார் ஒரு நிமிஷம் யோசித்தாள். "எழுதறதுதான் எழுதறீங்க, எல்லாருமே எழுதிடுங்க," என்றாள்.

அதற்கப்புறம் ஏழு வாரம் ஒரு சத்தமும் இல்லை. அந்த ஏழு வாரமும் துருவி பட்ட அவஸ்தை சொல்லி மாளாது. தனக்கு வேலை போனால்கூடச் சமாளிக்கலாம், தன்னால் அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? ஒவ்வொரு நாள் சாயங்காலமும் நாத்தனாருக்குப் போன் செய்து, "ஒண்ணும் சொல்லலையே?" என்பாள். "ஒண்ணும் சொல்லல அண்ணி. இன்னிக்கு ஒரு சீட்டு வந்துது, கேளுங்க," என்று அவள் ஆரம்பிப்பாள். பேச்சு அரை மணி நேரம் ஓடும்.

எட்டாவது வாரம் வியாழக்கிழமை மத்தியானம் ஏஜென்சிக்காரர் போன் செய்தார். எச்சில் விழுங்கும் சத்தம் இவளுக்கே கேட்டது.

"மேடம், ஒண்ணாம் தேதியிலேருந்து உங்க செக்ஷன் மொத்தத்துக்கும் இருபத்தொண்ணு ஆக்கிட்டாங்க. லெட்டர் வரும். அப்புறம், இந்த ஞாயித்துக்கிழமை லோடு ஜாஸ்தி. வழக்கம்போல வந்துடுவீங்கல்ல?"

"வரமாட்டேன்," என்றாள் துருவி. "இந்த ஞாயிறும் வரமாட்டேன், இனிமே எந்த ஞாயிறும் வரமாட்டேன்."

ஏஜென்சிக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கோவிச்சுக்காதீங்க மேடம், தெரிஞ்சுக்கத்தான் கேக்குறேன். நாப்பத்திரண்டு பேர் தாள் கொடுத்திருக்கீங்க. நாப்பத்திரண்டுலயும் ஒரே பொம்பளை பேரு. ஆபீஸே அல்லோலகல்லோலப்படுது. யாரு மேடம் இவங்க, பெரிய தலைவியா?"

"என் நாத்தனார்," என்றாள் துருவி.